யார் அந்த மக்கள்?



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று ஹாலிஎல பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. கல்யாணம் முடிந்து ஆறு வருடமாகியும் வாக்காளர் இடாப்பில் அவருடைய பெயர் இல்லையாம். கிராம சேவகர் வந்தபோது, "வீட்டு ஆம்பிளைகளின் பெயர் இருக்கிறது, அது போதும்" என்று மாமி சொல்லி அனுப்பிவிட்டாராம். "பொம்பிளைக்கு இடாப்பில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன மௌலவி?" என்று கேட்டிருக்கிறார்.

ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை மாமி ஏற்கமாட்டார். ஆகவே ஒரு சட்டப் பேராசிரியரின் வரலாற்றைச் சொல்கிறேன். அதில் முக்கியமான பகுதி நம் ஊவா மலைகளின் தோட்டங்களைத் தொட்டது. மாமியையும் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அவருடைய பெயர் ஐவர் ஜெனிங்ஸ். 1903ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் பிறகு லண்டன் பொருளியல் கல்லூரியிலும் சட்டம் படிப்பித்தார். சட்டமும் அரசியலமைப்பும் பற்றி 1933லும், மந்திரிசபை ஆட்சி பற்றி 1936லும், பாராளுமன்றம் பற்றி 1939லும் அவர் எழுதிய நூல்கள் சட்டம் படிக்கிறவர்களுக்குப் பல காலம் பாடப்புத்தகங்களாக இருந்தன. நாற்பது வயதை எட்டுமுன்னே அரசியலமைப்புச் சட்டத்தில் உலகம் மதிக்கும் பெயராகிவிட்டார்.

1941ல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராக இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டே அது இலங்கைப் பல்கலைக்கழகமாக மாறியது. அதன் முதல் துணைவேந்தரும் அவரே. பேராதனையில் மகாவலிக் கரையில் இருக்கிறதே அந்தப் பல்கலைக்கழகம், அதை முன்னின்று உருவாக்கியவர்களில் முதன்மையானவர். உங்கள் வீட்டில் யாராவது பேராதனையில் படித்திருந்தால் அவருக்கு நீங்களும் கொஞ்சம் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

பகலில் பல்கலைக்கழகம். அதோடு இன்னொரு வேலையும் அவரைத் தேடி வந்தது. சுதந்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த டி. எஸ். சேனாநாயக்கவுக்கு ஓர் அரசியலமைப்பு வரைவு தேவைப்பட்டது. ஆலோசகராக ஜெனிங்ஸ் அமர்ந்தார். 1944ல் மந்திரிமாரின் வரைவு என்ற பெயரில் அது வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சோல்பரி ஆணைக்குழு வந்து இறங்கியது. அந்தக் குழு சிபாரிசு செய்த யாப்பின் பெரும்பகுதி ஜெனிங்ஸின் கைபட்ட வரைவிலிருந்தே எடுக்கப்பட்டது. 1948 பெப்ரவரி 4ல் நாடு சுதந்திரம் பெற்றபோது நம்மை ஆண்ட யாப்பு அதுதான்.

அந்த யாப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சிறுபான்மை மக்கள் இந்தப் பிரிவின்மேல் வைத்த நம்பிக்கை கொஞ்சமல்ல. ஒரு சமூகத்தாருக்கோ சமயத்தாருக்கோ, மற்றவர்களுக்கு இல்லாத தடையையோ இயலாமையையோ விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது; இயற்றினால் அது செல்லாது. இதுதான் அதன் சாரம். தமிழர், முஸ்லிம்கள், மலாய்க்காரர், பறங்கியர் எல்லாருக்கும் இது ஒரு மதில். மதிலைக் கட்டியவர் உலகப் புகழ்பெற்ற பேராசிரியர். இதற்குமேல் என்ன பயம்?

மதிலுக்குள் யார் இருப்பது என்று மட்டும் அந்த யாப்பில் எழுதப்படவில்லை.

இதை விளக்க வேண்டும். 1931ல் டொனமூர் யாப்பின் கீழ் இந்த நாட்டில் 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவில் அப்படி எல்லாருக்கும் கொடுத்த முதல் நாடுகளில் நாமும் ஒன்று. தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகளைப் போட்டு இறுக்கினார்கள். அப்படியும் ஆயிரக்கணக்கானோர் பதிந்தார்கள். 1947ல் நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நம்முடைய பதுளையில் எஸ். எம். சுப்பையா. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளின் பக்கம் போயின. ஆளும் கட்சிக்கு இது உறுத்தியது.

அடுத்த ஆண்டே 1948ன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் "இந்தியர்" என்ற சொல்லோ "தமிழர்" என்ற சொல்லோ எங்கும் இராது. வம்சாவளிப் பிரஜை என்றால் யார் என்று மட்டும் சொல்லும். இலங்கையில் பிறந்தவனாக இருந்தால், உன் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டம் வந்த பிறகு பிறக்கும் பிள்ளைக்கோ, தந்தை பிரஜையாக இருந்தால்தான் பிரஜாவுரிமை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் 1925ல் ஒரு பெண்பிள்ளை பிறந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய தாயும் அதே லயத்தில் பிறந்தவள். தகப்பன் மட்டும் கைக்குழந்தையாகத் திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து வந்தவன். அந்தப் பெண் பத்து வயதில் மலையேறத் தொடங்கி, விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, நாளெல்லாம் கொழுந்து பறித்து வாழ்ந்தவள். நமுனுகுல மலைக்கு அப்பால் வேறு ஊரை அவள் கண்டதில்லை. 1947ல் வாக்குப் போட்டவள். 1948ன் சட்டம் அவளைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: உன் தகப்பன் எங்கே பிறந்தான்? தாய் எங்கே பிறந்தாள் என்று அது கேட்கவே இல்லை.

சகோதரிகளே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அந்தச் சட்டத்தில் முறையாகத் திருமணமான தாய்க்குக் கணக்கே கிடையாது. இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை இந்த மண்ணில் பிறந்த பெண், தன் பிள்ளைக்கு இந்த மண்ணைக் கொடுக்க முடியாது! சிலர் என்னிடம், "நம் மார்க்கத்திலும் நசப் தந்தை வழிதானே?" என்று கேட்டதுண்டு. நசப் என்பது பிள்ளை யாருடைய பிள்ளை என்பதைச் சொல்வது. பிள்ளை எந்த நாட்டில் வாழலாம், எந்த நாட்டில் வாக்களிக்கலாம் என்பது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதே காலத்தில் அயல்நாடான இந்தியா என்ன செய்தது என்று பாருங்கள். 1950ல் நடைமுறைக்கு வந்த இந்திய யாப்பு, யார் பிரஜை என்பதை யாப்புக்குள்ளேயே எழுதிவிட்டது. அந்நாட்டை வதிவிடமாகக் கொண்டவர் அங்கே பிறந்திருந்தால் போதும். அல்லது தாய் தந்தையரில் ஒருவர் அங்கே பிறந்திருந்தால் போதும். அல்லது ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருந்தால் போதும். "தாய் தந்தையரில் ஒருவர்" என்ற அந்தச் சின்ன வார்த்தையைக் கவனியுங்கள். பேராசிரியர் ஜெனிங்ஸ் அந்த யாப்பை மிக நீளமானது, அடிப்படை உரிமைகளைத் தேவைக்கு மேல் எழுதி வைத்தது என்று குறைகூறியவர். 1953ல் அதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். உரிமைகளைப் பட்டியலிட்டு எழுதுவதில் அவருக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. நல்ல பாராளுமன்றமும் நல்ல வழக்கங்களும் இருந்தால் போதும் என்ற ஆங்கிலேய மரபில் வளர்ந்தவர். இங்கிலாந்தில் அது சரியாக இருக்கலாம். லயத்து வாசலில் அது எப்படிப் பலித்தது?

1949ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை. அதோடு சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர் கொண்ட ஒரு சமூகத்தில் பெரும்பாலானோர் இடாப்பிலிருந்து மறைந்தார்கள். 1952 தேர்தலில் அவர்களுடைய காங்கிரஸுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. பதுளையில் சுப்பையாவைத் தெரிவு செய்தவர்கள் ஐந்தே வருடத்தில் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றார்கள்.

இதில் இன்னுமொரு கணக்கு உண்டு. பலருக்கு இது தெரியாது. அந்த யாப்பின்படி தொகுதிகளைப் பிரித்தது சனத்தொகையை வைத்து. 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஒரு மேலதிக உறுப்பினர். "பேர்" என்றால் வாக்காளர் என்று அர்த்தமில்லை, ஆட்கள். ஆகவே 1952ல் தோட்டத்து மக்களின் தலைகள் மலைநாட்டுக்கு ஆசனங்களைப் பெற்றுக்கொடுத்தன. அந்த ஆசனத்தில் யார் அமர்வது என்று சொல்ல அந்தத் தலைகளுக்கு வாயில்லை. விருந்துக்குச் சமைக்கும்போது ஆட்களை எண்ணிச் சமைத்துவிட்டு, பரிமாறும்போது பாதிப்பேரைப் படலைக்கு வெளியே நிறுத்தினால் மிஞ்சும் சோறு யாருக்கு? உள்ளே இருப்பவர்களுக்குத்தானே!

இதையெல்லாம் வாசித்து, "பாவம் தோட்டத்துச் சனங்கள்" என்று சொல்லிவிட்டுப் புரட்டிவிடாதீர்கள். பதுளையிலும் பண்டாரவளையிலும் கடை வைத்திருந்த முஸ்லிம்களில் எத்தனை பேர் கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கமிருந்து வந்தவர்கள்? இந்திய முஸ்லிம்கள் என்று 1946ன் சனக்கணக்கில் பதிவானவர்கள் மட்டும் 35 ஆயிரத்துக்கு மேல். அவர்களுக்கும் அதே சட்டம்தான். 1949ல் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்று வந்த சட்டத்தின் பெயரே "இந்திய பாகிஸ்தானிய வதிவோர்" சட்டம். கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1948ல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் நம் சமூகத்தின் பெருந்தலைவர் மர்ஹூம் டி. பி. ஜாயா.

மதில் இருக்கிறதே, 29ஆம் பிரிவு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதை நம்பி வழக்குக்குப் போனார்கள். கேகாலை மாவட்டத்தில் கோடகன் பிள்ளை என்பவர், ருவன்வெல்லத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். மறுத்தார்கள். திருத்தல் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் என்ற அரசாங்க உத்தியோகத்தர் விஷயத்தை ஆராய்ந்தார். இந்தச் சட்டங்கள் ஒரு சமூகத்தை மட்டும் தாக்குகின்றன, 29ஆம் பிரிவின்படி அவை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அரசாங்கத்தின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அரசாங்கத்தின் சட்டமே செல்லாது என்று எழுதுவதற்கு நெஞ்சில் உரம் வேண்டும். பேராசிரியரின் பெயரை மறந்தாலும் இந்த மனிதரின் பெயரை மறக்காதீர்கள்.

1951ல் உயர் நீதிமன்றம் அவருடைய தீர்ப்பைத் தள்ளியது. சட்டத்தின் வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும், வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்றது. வழக்கு லண்டனில் கோமறைக் கழகம் வரை போனது. 1953ல் அங்கும் தோல்வி. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்தப் பாராளுமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம். விண்ணப்பித்துப் பிரஜையாகவும் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆகவே இது பாரபட்சமாகாது என்றார்கள். ஒரு வீட்டு வாசலில், "பாட்டனின் கையால் திறப்பு வாங்கியவர் யாரும் உள்ளே வரலாம்" என்று எழுதி வைத்தால் அதில் யாருடைய பெயரும் இல்லைதான். யாருடைய பாட்டனுக்குத் திறப்புக் கொடுக்கப்படவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

பேராசிரியர் 1954ல் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் தலைமைப் பொறுப்பை ஏற்று, அடுத்த ஆண்டு இலங்கையை விட்டுப் போனார். பல நாடுகள் அவருடைய ஆலோசனையை நாடின. 1954 அக்டோபரில் பாகிஸ்தானின் ஆளுநர் நாயகம் குலாம் முஹம்மத் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தார். சபாநாயகர் மௌலவி தமீஸுத்தீன் கான் வழக்குத் தொடுத்தார். கலைத்தவரின் பக்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொன்னவர் நம் ஜெனிங்ஸ்! காவலரின் கண்ணில் படாமல் சபாநாயகர் புர்கா அணிந்து நீதிமன்றம் போனார் என்று பாகிஸ்தானில் ஒரு கதை சொல்வார்கள். புர்கா உண்மையோ இல்லையோ, சிந்து நீதிமன்றத்தில் அவர் வென்றதும் 1955ல் மேல் நீதிமன்றத்தில் தோற்றதும் உண்மை. பிறகு மலாயாவுக்கு யாப்பு வரைந்த ரீட் ஆணைக்குழுவில் ஜெனிங்ஸ் ஓர் உறுப்பினர். 1957ல் வந்த அந்த யாப்பில் பிரஜாவுரிமைக்கு ஒரு பாகம், அடிப்படைச் சுதந்திரங்களுக்கு ஒரு பாகம் என்று எழுதியே வைத்திருந்தார்கள். 1962ல் கேம்பிரிட்ஜில் சட்டப் பேராசிரியர் பதவி. 1965 டிசம்பரில் காலமானார்.

1956ல் அவர் எழுதிய ஒரு நூலில் ஒரு கருத்து வருகிறது. மக்களின் தீர்ப்புக்கு விடுவோம் என்று சொல்லுமுன், மக்கள் என்றால் யார் யார் என்று முன்கூட்டி ஒருவர் வரையறுத்திருக்க வேண்டும் என்கிறார். இன்றும் உலகெங்கும் சட்டம் படிக்கிறவர்கள் இதை எடுத்துப் பேசுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், இதைச் சொன்னவர் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த நாட்டில் அந்த வரையறையைச் செய்தது யார், எப்படி என்று? என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பேராசிரியரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தனக்கு ஆலோசனை கேட்டவர்களைக் கண்ணியமானவர்களாக நம்பினார். யாப்பில் ஒரு பெரிய இடத்தை வெறுமையாக விட்டார். சோல்பரி பிரபுவே 1963ல், பாமர் என்பவர் இலங்கை பற்றி எழுதிய நூலுக்கு முன்னுரை கொடுத்தபோது, அடிப்படை உரிமைகளை யாப்பில் உறுதியாக எழுதி வைத்திருக்கலாமே என்று வருந்தினார். வருந்தி என்ன? 1972ல் புதிய யாப்பு வந்தபோது 29ஆம் பிரிவும் போய்விட்டது.

விண்ணப்பிக்கும் வழி திறந்திருக்கிறது என்று லண்டனில் சொன்னார்களே, அந்த வழியின் கதையையும் கேளுங்கள். இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணமானவர் 7 ஆண்டும், ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து வதிந்ததற்கு அத்தாட்சி வேண்டும். மனைவியும் சிறு பிள்ளைகளும் இங்கேயே இருந்ததற்கும் அத்தாட்சி வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இராது. கோயிலில் தாலி கட்டியதற்குப் பதிவு இராது. தோட்டத்துச் செக்ரோலில் பெயர் ஒரு விதம், துண்டில் ஒரு விதம், வாயால் அழைப்பது வேறு விதம். ஏறக்குறைய 8 லட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

மிச்சமிருந்தவர்களை 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. 1974ல் அந்த மீதியையும் பாதிபாதியாகப் பிரித்தார்கள். தோட்டத்தில் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. பதுளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிப் போன ரயிலுக்கு மலையகத்தில் ஒரு பெயர் உண்டு: ஒப்பாரிக் கோச்சி. அக்காள் கோச்சிக்குள், தங்கை மேடையில். மகனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தாய்க்கு இலங்கைப் பதிவு. நீலகிரியில் இன்றும் பதுளைத் தோட்டங்களின் பெயரைச் சொல்லி ஊர் விசாரிக்கும் கிழவிகள் இருக்கிறார்கள்.

எஞ்சியிருந்தவர்களுக்கு 1986லும் 1988லும் சட்டங்கள் வந்தன. அப்படியும் விடுபட்டவர்களுக்காக 2003ல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய சந்ததியும் பிரஜைகள் என்றது. ஐம்பத்தைந்து வருடம்! 1948ல் பிறந்த பிள்ளை பாட்டியாகிவிட்டாள்.

அதே 2003ல் இன்னொரு திருத்தமும் வந்தது, 16ஆம் இலக்கம். தந்தை என்று இருந்த இடத்தில் தாயும் சேர்ந்துகொண்டாள். அதற்கு முன், இந்தியாவிலிருந்தோ மாலைதீவிலிருந்தோ வந்த ஒருவரை நிகாஹ் செய்த நம் பிள்ளைகளின் குழந்தைகள், பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் அந்நியர்தான். விசாவுக்காக அலைந்த தாய்மாரை நான் அறிவேன். ஆகவே, என் சகோதரி, "பொம்பிளையின் பெயர் எதற்கு" என்ற கேள்வி உங்கள் மாமியின் கேள்வி மட்டுமல்ல. 1948ல் ஒரு பாராளுமன்றமே அந்தக் கேள்வியைக் கேட்டு, "எதற்குமில்லை" என்று சட்டமாக எழுதியது. அதை அழிக்க இவ்வளவு காலம் சென்றது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. 18 வயதான ஒவ்வொருவரின் பெயரும், கல்யாணம் முடித்து வந்த மருமகளின் பெயரும், வேலை செய்கிற பிள்ளையின் பெயரும் அதில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் நீங்களே கேளுங்கள். பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். "பாத்திமா" ஓரிடத்தில் "பாதிமா"வாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். பதிவில்லாமலும் நிகாஹ் செல்லும். ஆனால் கச்சேரியில் பத்திரத்தைத்தான் கேட்பார்கள். நிகாஹைப் பதியாமல் விட்டவர்கள் பதிவாளரைக் காணுங்கள். சவுதியிலோ குவைத்திலோ வேலைக்குப் போன இடத்தில் பிள்ளை பிறந்தால், ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதியுங்கள். தாமதித்தால் பிரஜாவுரிமைக்கு வீணாக அலைய வேண்டிவரும். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் தோட்டத்துப் பெண்ணிடமும் இவற்றைக் கேளுங்கள். அவளுக்குப் பத்திரம் இல்லையென்றால் பதிவாளர் கந்தோருக்கு நீங்கள் ஒரு முறை கூடப் போய் வரலாம். உங்கள் ஒரு காலை நேரம்தான் செலவு.

மாமிக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் இதையும் சொல்லுங்கள். 2024 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் நமது பதுளை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போனவர்களில் கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என்று மலையகத் தமிழர் இருவர் இருக்கிறார்கள். இரண்டாமவர் ஒரு பெண்.